கைவேலைக் கிட்டார் வாங்குவது எப்படி? (வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை)

ஸ்பெயின் தேசத்து ஆசாரி ஒருவர் தம் கையாலேயே இழைத்து, ஒட்டி, மெருகேற்றிய கிளாசிகல் கிட்டார் ஒன்றை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல முடிவு. பணம் இருக்கிறது, விசாவும் வந்துவிடும். இந்த நேரத்தில் ஆர்வக்கோளாறில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டு தொலைக்காதீர்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் பாவம். வாத்தியத்தை மடியில் வைத்த ஐந்தாவது நிமிடத்திலேயே இது நமக்கு ஒத்துவரும், இது வராது என்று அவர்களுக்குத் தெரிந்துபோகிறது. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? தெரியாதவருக்கோ மரம், வம்சம், லேபிள், மெருகு, ரகசியம் என்று ஆயுள் முழுக்கப் பேச விஷயம் உண்டு. இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது. வாசிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

முதலில் மரத்தைப் பற்றிப் பேசப் பழகுங்கள். மேல்பலகை ஸ்ப்ரூஸா, சிடாரா என்று ஆரம்பிப்பது சம்பிரதாயம். ஸ்ப்ரூஸ் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து வருவது, வெளுத்த நிறம். சிடார் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வருவது, செம்பழுப்பு நிறம். தலைமுறை தலைமுறையாக ஸ்ப்ரூஸ் போட்டுக்கொண்டிருந்த மாட்ரிட் நகரத்தில், 1960களில் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் சிடாரைக் கொண்டுவந்து ஒட்டினார். அன்றிலிருந்து உலகம் இரண்டு கட்சி. நீங்கள் எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம். எதிரே இருப்பது ஸ்ப்ரூஸ் என்றால், "சிடாரின் கதகதப்பு இதில் இல்லையே" என்று சொல்லுங்கள். சிடார் என்றால், "ஸ்ப்ரூஸின் தெளிவு வருமா?" என்று கேளுங்கள். இரண்டுமே பாதி உண்மை என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது ரேகை எண்ணுவது. சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, மேல்பலகையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ரேகை ஓடுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ண வேண்டும். ரேகை நெருக்கமாக இருந்தால் தலையாட்டுங்கள். அகலமாக இருந்தால் பெருமூச்சு விடுங்கள். ஆசாரி அந்தப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ரேகைக்குக் குறுக்கே பட்டுப்புடவையின் மினுமினுப்பு மாதிரி ஓடும் ஒரு பளபளப்பைத்தான் பார்ப்பார். மரம் சரியான கோணத்தில் அறுபட்டிருக்கிறது, குறுக்குவாட்டிலும் விறைப்பாக நிற்கும் என்பதற்கு அது அடையாளம். உங்களுக்கு அது வேண்டாம். அதை எண்ண முடியாது.

பக்கப்பலகைக்கும் முதுகுக்கும் வருவோம். இங்கே குரலைத் தாழ்த்தி, "பிரேசில் ரோஸ்வுட்தானே?" என்று கேட்க வேண்டும். இருக்காது. அழியும் தறுவாயில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், 1992லேயே அந்த மரத்தைக் கடுமையான முதல் பட்டியலில் போட்டுவிட்டது. பழைய இருப்பு வைத்திருப்பவர்களிடம் அதற்கான காகிதம் இருக்க வேண்டும். எல்லை தாண்ட இன்னொரு காகிதம் வேண்டும். பிரேசில் மரம் வரத்து குறைய ஆரம்பித்த 1960களிலேயே ஸ்பெயின் பட்டறைகள் வேறு ஊர் மரத்துக்குத் திரும்பிவிட்டன. எந்த ஊர் மரம்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே 1994ல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். சொந்தத் தோட்டத்தில் நிற்கிற மரத்தை வெட்டவும் அனுமதி கேட்க வேண்டும் என்றது அது. ஆக, நம் மலையில் பிறந்து, கப்பலேறி, ஸ்பெயினின் கிரனாடாவில் இரண்டு மில்லிமீட்டர் பலகையாகி, சூடான குழாயில் வளைந்து கிட்டார் இடுப்பான மரத்தை, யூரோவில் பணம் கட்டி விமானத்தில் திரும்ப அழைத்து வரப்போகிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வருபவர்களிடம் "ஸ்பெயின் மரம்" என்று சொல்லிவிடுங்கள்.

காகித விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிஜமாகவே கவனம். 2017 ஜனவரியில் மற்ற ரோஸ்வுட் வகைகளும் மொத்தமாகச் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து, கிட்டார் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் சுங்க அலுவலகங்களில் தவம் கிடந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி உங்கள் பூதக்கண்ணாடியை வாங்கிக் கிட்டாரைப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

ஃப்ரெட்போர்டு கருங்காலி. கருங்காலி மாலை போட்டால் நல்ல காலம் பிறக்கும் என்று நம்மூரில் கடைகடையாக விற்கிறார்கள். கருங்காலியில் விரலை வைத்துத் தினம் இரண்டு மணி நேரம் தேய்ப்பவனுக்கும் நல்ல காலம் பிறக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

இத்தனை மர ஞானத்தையும் ஒரே நொடியில் குலைத்துவிடக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று நாம் கிளாசிகல் கிட்டார் என்று சொல்லும் உருவத்துக்கு மூலபுருஷர் அந்தோனியோ தெ டோரெஸ். 1817ல் அல்மேரியாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். தச்சு வேலையில் ஆரம்பித்தவர். செவில் நகரத்தில் பட்டறை வைத்தவர். உடம்பைப் பெரிதாக்கி, தந்தியின் நீளத்தை 650 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, மேல்பலகையின் அடியில் விசிறி மடிப்புப் போல ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டி, அதுவரை அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியத்தை மண்டபத்தில் கேட்க வைத்தவர். 1862ல் இந்த மனிதர் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை வழக்கம்போல் நல்ல ஸ்ப்ரூஸ். பக்கமும் முதுகும் அட்டை. ஆமாம், காகித அட்டை. குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகப்பட்டவர்களுக்கு, மேல்பலகையிலிருந்துதான் வருகிறது என்று இதைவிட மரியாதையாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த அட்டைக் கிட்டார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் அங்கே போக வேண்டாம். போக நேர்ந்தாலும், அந்த இடம் வரும்போது மொபைலை எடுத்துப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுங்கள்.

இனி வம்சம். ஸ்பெயின் கிட்டாரை வாங்குபவர் நாதஸ்வர வித்வானின் குருபரம்பரையைச் சொல்கிற மாதிரி ஆசாரியின் பரம்பரையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். யாரிடம் யார் கற்றார், யார் கோபித்துக்கொண்டு தனிப் பட்டறை போட்டார் என்பதெல்லாம் விரல்நுனியில் நிற்க வேண்டும். மாட்ரிட்டில் 1882ல் பட்டறை வைத்தவர் ஹோசே ராமிரெஸ். தம்பி மனுவேல் அவரிடம் தொழில் கற்றார். பாரிஸ் போய்க் கடை வைக்கப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அதே மாட்ரிட்டில் கடை வைத்தார். அதோடு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முடிந்தது. குடும்பத் தொழில் எந்த ஊரிலும் ஒன்றுதான். தம்பியின் பட்டறையில் சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தேசோ என்று இரண்டு கைகாரர்கள் வேலை பார்த்தார்கள். 1916ல் மனுவேல் காலமான பிறகும் கிட்டார்கள் வந்துகொண்டிருந்தன; லேபிளில் "மனுவேல் ராமிரெஸின் விதவை" என்று போட்டார்கள். பிற்காலத்தில் எஸ்தேசோ போன பிறகு அவர் பட்டறையில் "விதவையும் மருமகன்களும்" என்று லேபிள். மாட்ரிட்டின் கிட்டார் சரித்திரத்தைத் துக்கம் விசாரிக்கிற வரிசையிலேயே எழுதிவிடலாம்.

லேபிளை ஆழ்ந்து படியுங்கள். செய்த கையைப் பற்றிக் கேட்காதீர்கள். கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா பல வருஷம் வாசித்த 1912 கிட்டாரில் மனுவேல் ராமிரெஸ் என்ற பெயர்தான் இருக்கிறது. பட்டறையில் அதைச் செய்தது சாந்தோஸ் எர்னாந்தெஸ் என்கிறார்கள். ராமிரெஸ் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையிலும் கிட்டாரை உண்மையில் இழைத்த தொழிலாளியின் முதலெழுத்து உள்ளே ஒரு மூலையில் சின்னதாகக் குத்தப்பட்டிருக்கும். இப்போது பழைய ராமிரெஸ் வாங்குகிறவர்கள் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

செகோவியாவின் பெயரை எடுத்ததால் இலவசமாகக் கிட்டார் பெறும் வழியையும் சொல்லிவிட வேண்டும். இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த செகோவியா, மாட்ரிட் கச்சேரிக்கு நல்ல கிட்டார் இல்லாமல் மனுவேலின் கடைக்கு வந்து, ஒன்றை வாடகைக்குக் கேட்டார். எடுத்து வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த மனுவேல், காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ, வாசித்துக் கடனை அடை என்ற பொருள்பட ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். செகோவியா தம் சுயசரிதையில் சொல்லும் கதை இது. இந்த வழியில் நடுவே ஒரு வாசிப்பு வருகிறது. ஆகையால் உங்களுக்குச் சரிப்படாது. கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகலாம். கிரனாடாவில் பிளாசா நுயெவா என்ற சதுக்கத்திலிருந்து அல்ஹாம்ப்ராவை நோக்கி ஏறும் கோமெரெஸ் சரிவில் கிட்டார் பட்டறைகள் உண்டு. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுப் படுக்கும். சரியாக அந்த நேரத்தில் போய்த் தட்டுங்கள். தூக்கம் கலைந்து வருகிறவரைப் பார்த்து, "மாஎஸ்த்ரோ, உங்கள் ரகசியம் என்ன?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அவர் பதில் சொல்ல மாட்டார். நீங்கள் பட்டறையைச் சுற்றிப் பாருங்கள். சொலேரா என்று ஒரு கெட்டிப் பலகை மேஜைமேல் கிடக்கும். கிட்டார் உருவத்தில், நடுவில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குழிந்திருக்கும். அதன்மேல் மேல்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கிட்டாரைத் தலைகீழாகவே கட்டிக்கொண்டு வருவார். மற்ற தேசங்களில் உடம்பைத் தனியே செய்து, கழுத்தைத் தனியே செய்து, கடைசியில் சொருகுவார்கள். இங்கே கழுத்துதான் முதலில். கழுத்தின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் காடி வெட்டி, வளைத்த பக்கப்பலகைகளை அந்தக் காடிக்குள்ளேயே நுழைத்துவிடுகிறார். பிறகு கழுத்தைக் கழற்றுவது என்ற பேச்சே இல்லை. நாளைக்கு இதை எவனோ பழுதுபார்க்க வேண்டுமே என்ற கவலையெல்லாம் ஸ்பெயின் ஆசாரிக்குக் கிடையாது.

மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் அவர் செய்யும் வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பட்டாணி அளவுக் கட்டைகள் ஒரு தட்டில் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பசையில் தொட்டு மூலையில் வைத்து, ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்த பிறகு அடுத்தது. இப்படியே கிட்டாரைச் சுற்றி ஒரு வரிசை. நீளமான ஒரே பட்டையை வளைத்து ஒட்டினால் அரை மணியில் முடிந்துவிடும் வேலை. ஏன் இப்படி என்று கேட்டால், வாத்தியார் இப்படித்தான் செய்தார் என்பார். பழைய பட்டறைகளில் பசையும் நம் ஆசாரிமார் காய்ச்சும் வஜ்ஜிரம்தான், அதே நாற்றம். அதன் சூடு ஆறுவதற்குள் கட்டை இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். விளிம்பு ஒட்டும்போது கிட்டாரைச் சுற்றிக் கயிற்றை வரிந்து கட்டி, கயிற்றுக்கு அடியில் ஆப்புகளைச் சொருகி இறுக்குவார்கள்.

இப்போது அவர் புதிய மேல்பலகை ஒன்றைக் கையில் எடுப்பார். இழைப்புளியால் நாலு இழுப்பு. சுருள் சுருளாகச் சீவல் காலடியில் விழும். பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களால் லேசாக வளைத்துப் பார்ப்பார். குறுக்காக வளைத்துப் பார்ப்பார். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காதருகே வைத்து முட்டியால் தட்டுவார். இன்னும் இரண்டு இழுப்பு. மறுபடி கட்டைவிரல். இரண்டு மில்லிமீட்டருக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இழைப்புளியைக் கீழே வைப்பார். ஏன் அங்கே நிறுத்தினார் என்று அளவுகோல் சொல்லாது. ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளும் ஒரே கனத்தில் ஒரே மாதிரி வளைவதில்லை. அதனால்தான் டோரெஸின் வரைபடத்தை மில்லிமீட்டர் பிசகாமல் காப்பியடித்தவர்கள் எல்லோரும் டோரெஸ் ஆகவில்லை. அல்மேரியாவில் டோரெஸுக்கு நண்பராக இருந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்த செய்தி உண்டு: ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டபோது கிழவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் காட்டி, அது இந்த நுனிகளில் இருக்கிறது, என்னோடு குழிக்கு வந்துவிடும் என்றாராம்.

இதையெல்லாம் பார்த்து மனம் இளகிவிடாதீர்கள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "மேல்பலகையின் கனம் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டுச் சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்கும் கட்டம். ஆசாரி ஒரு கிட்டாரை உங்கள் கையில் கொடுப்பார். முதலில் ஒலித்துளைக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பாருங்கள்; கழுத்துக்குப் போடும் செத்ரோ மரத்தின் வாசனை உண்மையிலேயே சுகமானது, விலையில் ஒரு பகுதி அதற்கே தகும். பிறகு தாரெகாவின் "அல்ஹாம்ப்ராவின் நினைவுகள்" முதல் இரண்டு வரியை வாசிக்கத் தொடங்கி, விரல் பின்னிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, "ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறதே" என்று சொல்லுங்கள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்ற பழமொழி ஸ்பெயின்காரருக்குத் தெரியாது. அல்ஹாம்ப்ரா கோட்டைக்குக் கீழே கடை வைத்திருப்பவர் அந்த இரண்டு வரியை இதுவரை கேட்டதே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். தொழிலில் அதுவும் ஒரு பயிற்சி.

வாசிப்பவர்கள் செய்யும் சில அல்பமான காரியங்கள் உண்டு. அவற்றை நீங்கள் பின்பற்ற வேண்டாம். அவர்கள் முதல் தந்தியிலும் மூன்றாம் தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாகத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பார்கள். எங்காவது ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று கத்திவிட்டு உடனே செத்துப்போனால் முகம் சுளிப்பார்கள். எவ்வளவு சத்தமாக வாசிக்கலாம் என்பதைவிட எவ்வளவு மெல்ல வாசித்தாலும் குரல் உடையாமல் இருக்கிறது என்பதில் அக்கறை காட்டுவார்கள். தெரிந்தவர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அறையின் மறுகோடியில் போய் நின்று கேட்பார்கள். இடது கையை விரித்து 650 போதுமா என்று பார்ப்பார்கள். ராமிரெஸ் பட்டறை ஒரு காலத்தில் தந்தி நீளத்தை 664 மில்லிமீட்டருக்கு நீட்டியது. செகோவியாவின் கை பெரிய கை. அவரைப் பார்த்து அதே கிட்டாரை வாங்கிய சின்னக் கைக்காரர்கள் விரல் எட்டாமல் பட்ட பாட்டை ஒரு தலைமுறையே அறியும். நீங்கள் பயப்பட வேண்டாம். சுவரில் மாட்டுவதற்கு எல்லா நீளமும் சரி.

விலை, காத்திருப்பு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனி ஆளாகச் செய்கிறவர் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கிட்டாருக்கு மேல் முடிப்பது கஷ்டம். பெயர் எடுத்தவர் என்றால் வருஷக்கணக்கில் வரிசை. விலை சில ஆயிரம் யூரோவில் ஆரம்பித்து, கேட்பவரின் ரத்த அழுத்தம் தாங்கும்வரை போகும். இவர்களுக்கெல்லாம் ஆதிகுருவான டோரெஸுக்கே கிட்டார் செய்து கட்டுப்படியாகவில்லை. 1870 வாக்கில் செவில் பட்டறையை மூடிவிட்டு அல்மேரியாவுக்குத் திரும்பி, மனைவியோடு பீங்கான் கடை வைத்துக் கோப்பையும் தட்டும் விற்றார். 1875ல்தான் மறுபடி உளியைத் தொட்டார். இன்றைக்கு அவர் கிட்டார்கள் போகிற விலையை அந்தக் கடையில் போய்ச் சொல்லியிருந்தால், கையிலிருந்த தட்டைக் கீழே போட்டிருப்பார்.

அவசரக்காரர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அல்ஹாம்ப்ரா என்ற பெயரிலேயே நல்ல கிட்டார்கள் கடையில் உடனே கிடைக்கின்றன. அவை கிரனாடாவில் செய்யப்படுபவை அல்ல. அலிகாந்தே மாகாணத்து முரோ தெ அல்கோயில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு அவை தாராளமாகப் போதும். ஆனால் விருந்தாளிகளிடம் சொல்லக் கதை கிடைக்காது.

கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அதன் மேனியில் இருப்பது அரக்கு மெருகு. அதுவும் பெரும்பாலும் நம் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காட்டு மரங்களில் பூச்சி உண்டாக்கும் அரக்குதான். அதைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் நனைத்து, வட்டம் வட்டமாக நாள்கணக்கில் தேய்த்து ஏற்றியிருக்கிறார்கள். மயிரிழையை விட மெல்லிய பூச்சு. மேல்பலகை அசைவதைத் தடுக்காது. அதற்கு விலையாக, வியர்த்த முழங்கை பட்டால் மங்கும், சானிடைசர் தெறித்தால் கரையும், சட்டைப் பொத்தான் உரசினால் கோடு விழும். அதனால் நீங்கள் கிட்டாரைத் தொடாமல் இருப்பதற்கு இப்போது கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆசாரி சொல்லி அனுப்பியிருப்பார். சென்னையில் அது சாத்தியமா என்று என்னைக் கேட்காதீர்கள். இரவெல்லாம் ஏசி போட்டுக் காய வைத்து, பகலில் ஜன்னலைத் திறந்து நனைய வைப்பதுதான் மரத்துக்கு ஆகாத வேலை. ஒன்று எப்போதும் பெட்டிக்குள் வையுங்கள். இல்லையென்றால் அறையை ஒரே நிலையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மட்டும் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். வஜ்ஜிரம் இளகி, பிரிட்ஜ் பெயர்ந்து, வாத்தியத்தின் மேல் நீங்கள் கொண்ட பக்தி முழுவதும் சோதனைக்கு உள்ளாகும்.

தந்தி வாங்கும்போது கொஞ்சம் பேசலாம். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் மேல் தந்திகள் ஆட்டுக் குடலில் செய்தவை. போர்க்காலத்தில் குடல்நரம்பெல்லாம் காயம் தைக்கிற நூலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்து பார்த்தார். செகோவியா ஒப்புக்கொண்டார். உலகமும் ஒப்புக்கொண்டது. புது நைலான் தந்தி மாட்டிய முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நிற்காது. வாத்தியம் கெட்டுவிட்டது என்று ஸ்பெயினுக்குப் போன் போடாதீர்கள். அங்கே மணி இரண்டாகியிருக்கும்.

ஒரு செட் புதுத் தந்தி எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். யாரும் தொடாவிட்டாலும் பழைய தந்தி தானாகவே மங்கிப்போகும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் என்றைக்காவது ஒருவருக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரிந்திருக்கும். அவர் ரேகையை எண்ண மாட்டார், லேபிளைப் பார்க்க மாட்டார், "கொஞ்சம் எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்பார். அரக்கு, வியர்வை என்று ஏதும் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள். அவசரமில்லையென்றால் சாப்பாட்டுக்கும் இருக்கச் சொல்லுங்கள்.